கேளுங்கள், போகலாம்: தங்கவயலுக்கு ஒரு நாள்

போன இதழில் பேச்சுவாக்கில், 'நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில்' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். ஊட்டி, கொடைக்கானல் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம்.

அக்கா, நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள், மாமியார். ஒரே நாளில் தங்கவயலைப் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்ப முடியுமா? காரா, ரயிலா?
காட்பாடி வாசகி

முடியும். ரயிலிலேயே போங்கள். சென்னையிலிருந்து பெங்களூரு போகும் ரயில்களில் பல பங்காருபேட்டையில் நிற்கும். அங்கே இறங்கி மாரிகுப்பம் பாசஞ்சருக்கு மாறவேண்டும். இந்தக் கிளைப்பாதை 1894இல் தங்கச் சுரங்கத்துக்காகவே போட்டது. பங்காருபேட்டைக்கு அப்போது பௌரிங்பேட்டை என்று பெயர், மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் ஞாபகமாக. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று ஸ்டேஷன் பெயர்களைக் கேட்டுக்கொண்டே வந்தால் சுரங்கக் கம்பெனிகளின் பழைய வரைபடத்தையே படித்த மாதிரி. மாரிகுப்பத்தோடு தண்டவாளம் முடிந்துவிடும். உறங்கிப் போனாலும் ஊர் தவறாது.

கடைசி வரைக்கும் போய் மாரிகுப்பத்தில் இறங்குங்கள். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, 1802இல் இந்தப் பக்கம் தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, காட்டுகிறவர்களுக்கு வெகுமதி தருவதாகச் சொன்னார். மாரிகுப்பம், உரிகம் பக்கத்து ஜனங்கள் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவிக் காட்டினார்கள். எழுபது வருஷம் கழித்து அந்தப் பழைய அறிக்கையைப் படித்துவிட்டு வந்தவர்தான் லவெல் என்ற அயர்லாந்துக்காரர். 1875இல் அவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. கையில் பணம் நிற்கவில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்த பிறகுதான் தங்கம் வெளியே வந்தது. 'தங்கத்தைக் கண்டுபிடித்தவர் லவெல்' என்று உங்கள் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னால், மண்ணைக் கழுவிக் காட்டினவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். டிரைவருக்கு நாற்பது வயதுக்கு மேல் என்றால் அநேகமாக அவர் அப்பா மைன்ஸில் வேலை பார்த்தவராக இருப்பார், வழிகாட்டிக்குத் தனியாகக் காசு தரவேண்டாம். மாரிகுப்பத்திலிருந்து சாம்பியன் ரீஃப். அங்கே வெற்றி மாதா கோயில், அதைச் சுற்றி லைன்கள், அதாவது தொழிலாளிகளுக்குக் கம்பெனி கொடுத்த வரிசை வீடுகள். ரோட்டிலிருந்தே தெரியும் கிஃபோர்ட் ஷாஃப்ட்டின், அதாவது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கிணற்றின், சக்கரம் வைத்த இரும்புக் கோபுரம். பிறகு உரிகம்: தூய மிக்கேல் ஆலயம், கிளப், மேட்டில் இருக்கும் பங்களாக்கள். சாப்பாட்டுக்கு ராபர்ட்சன்பேட்டை. சாயங்காலம் மறுபடி ரயில்.

ஒரு வேண்டுகோள். எல்லாரும் 'குட்டி இங்கிலாந்து' என்று இந்த ஊரைச் சொல்வார்கள். ஓட்டுக்கூரை, கணப்பு, ரோஜாத் தோட்டம் எல்லாம் உண்மைதான். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள் வீட்டு ஏக்கத்தில் கட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் பெயரை வைத்தவர் ரோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். நீங்கள் பங்களாவுக்குப் பத்து நிமிஷம் கொடுத்தால் லைனுக்கு முப்பது நிமிஷம் கொடுங்கள். மனிதர்கள் இன்னும் குடியிருக்கும் வீடுகள், ஆகவே கேமராவைத் தூக்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் காப்பியே வந்துவிடும்.

சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க அனுமதி உண்டா? டிக்கெட் எவ்வளவு?
ஓசூர் வாசகர்

டிக்கெட்டும் இல்லை, இறங்கவும் முடியாது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். பம்பு நின்றதும் தண்ணீர் ஏறிவிட்டது. மேலே இருக்கும் மில், எஞ்சின் வீடு எல்லாம் வேலிக்குள்ளே. முன்அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள்.

எனக்கே நடந்தது. சில வருஷம் முன்பு பள்ளித் தோழிகள் ஒன்பது பேர், எல்லாம் அறுபதைத் தொட்டவர்கள், ஒரு ஷாஃப்ட் வாசலில் போய் நின்றோம். எங்கள் அப்பாக்கள் எல்லாரும் அந்த வாசல் வழியாகத்தான் போய் வந்தவர்கள். காவலுக்கு இருந்த பையன் எங்கள் ஊர்த் தமிழிலேயே பேசினான். "உள்ள என்னம்மா இருக்கு, தண்ணிதான்" என்றான். கெஞ்சினோம், கோபப்பட்டோம், எங்களில் ஒருத்தி அழுதேவிட்டாள். கடைசியில் அவன் வீட்டு விலாசம் விசாரித்ததில், அழுதவளுக்கு அவன் தூரத்துச் சொந்தம் என்று தெரிந்தது. அப்பவும் விடவில்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

உள்ளே என்ன இருந்தது என்று அப்பா சொல்லிக் கேட்டதைச் சொல்கிறேன். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே தோண்டியிருந்தார்கள். ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறினால் ஒரே இறக்கமாக அடிக்குப் போகமுடியாது. ஒரு மட்டத்தில் இறங்கி, நடந்து, இன்னொரு ஷாஃப்ட்டில் மாறி, மறுபடி இறங்கவேண்டும். அடியில் பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். மேலே ராட்சத இயந்திரம் வைத்துக் காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்புவார்கள். அப்படியும் அப்பா கோவணத்தோடுதான் வேலை செய்தார். சாம்பியன் ரீஃபில் மார்கழிக் குளிர் கடுமை. ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தவர்கள் உடம்பிலிருந்து ஆவி பறக்கும். சின்ன வயதில் அது எல்லா அப்பாக்களுக்கும் பறக்கும் என்று நினைத்திருந்தேன்.

தங்கவயல்காரர்கள் வீட்டில் தங்கம் கொட்டிக் கிடந்திருக்குமே? உண்மையைச் சொல்லுங்கள்!
திருச்சி வாசகர்

31 வருஷம் கீழே இறங்கிய அப்பா, 'தங்கத்தை நான் எங்க பார்த்தேன், வெள்ளைக் கல்லைத்தான் பார்த்தேன்' என்பார். பாறையில் தங்கம் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லை அரைத்தால் சில கிராம்தான் தேறியது. வெளியே வரும்போது உடம்பெல்லாம் சோதனை வேறு. மடியில் ஒரு துண்டுக் கல் இருந்தாலும் கேஸ்தான். என் கல்யாணத்துக்கு நகை வாங்கியது வேலூரில்.

சினிமாவில் பார்த்த அந்தச் சாம்பல் நிற மலைகளில் ஏறி ரீல்ஸ் எடுக்கவேண்டும். எந்த நேரத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும்?
கோவை வாசகர்

படம் பிடித்தது அங்கேதான். ஆனால் அது மலை இல்லை தம்பி. அரைத்துத் துப்பிய சக்கை.

வெட்டி எடுத்த கல்லை மில்லில் மாவாக இடிப்பார்கள். ஆரம்பத்தில் பாதரசத்தில் ஒட்டவைத்து எடுத்தார்கள். அதில் தப்பிய தங்கத்தை சயனைடு தண்ணீரில் கரைத்து இறக்கும் முறை பிறகு வந்தது. கரைசலைத் தங்கத்தோடு வடித்துக்கொண்டு, மிஞ்சிய மாவைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் கொட்டினால் மலையாகாமல் என்னாகும்? மூன்று கோடி டன்னுக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் சயனைடு திட்டு என்போம். மழை அறுத்த வரிகளோடு சாயங்கால வெயிலில் பார்க்க அழகாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன்.

காற்றுக் காலத்தில் அது வீட்டுக்குள் வரும். அம்மா சோற்றுப் பானையைத் துணி சுற்றி மூடுவாள், அப்பவும் பல்லில் நறநறக்கும். கொடியில் காயும் துணி, கண் இமை, கோழியின் முதுகு, எல்லாம் வெள்ளை. அந்தத் திட்டில் சறுக்கி விளையாடினவள்தான் நான். இப்போது யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. ரோட்டிலிருந்தே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறாதீர்கள். ஓரத்தில் தேங்கிய தண்ணீரைத் தொடாதீர்கள். ஞாபகத்துக்கு என்று டப்பாவில் மண் அள்ளாதீர்கள். அந்தச் சக்கையில் இன்னும் மிச்சத் தங்கம் இருக்கிறது, பிரித்து எடுக்கப்போகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் பேச்சு வரும், போகும்.

அம்மா, என் தாத்தா எங்கள் ஊரிலிருந்து கோலாருக்குப் போய் 'மிசின் வேலை' பார்த்தாராம். ஐம்பது வயதுக்குள் இருமி இருமியே இறந்தார் என்று பாட்டி சொல்வாள். அவர் இருந்த இடத்தைப் பார்க்கவேண்டும். எங்கே போய்த் தேடுவது?
திருப்பத்தூர் வாசகர்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

பாட்டி சொன்ன 'மிசின் வேலை' என்றால் டிரில்லிங். பாறையில் துளை போட்டு, வெடி வைக்கிற பிரிவு. அந்தப் பாறை வெள்ளைக் குவார்ட்ஸ். துளை போடும்போது கிளம்பும் தூசு நெஞ்சில் போய் உட்கார்ந்தால் இறங்காது. சிலிக்கோசிஸ் என்று பெயர். இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் பதிவானதே 1947இல், கோலார் சுரங்கத்தில்தான். சோதித்துப் பார்த்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இருந்தது. எங்கள் லைனில் அதை 'மைன்ஸ் இருமல்' என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்லலாம், சுவர் அவ்வளவு மெல்லிசு.

வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணை அடிமைத்தனத்துக்கும் தப்பி வந்தவர்கள்தான் கீழே இறங்கியவர்களில் பெரும்பகுதி. அவர்களிலும் பெரும்பாலோர் ஊரில் சேரி என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள். கம்பெனி முதலில் கொடுத்தது தட்டி வீடு: மூங்கில் பாய்ச் சுவர், ஒற்றை அறை. கல்லும் ஓடுமாக லைன் வந்தது பிறகு. சிவசமுத்திரத்து அருவியில் மின்சாரம் எடுத்து, 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து, 1902லேயே சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பெங்களூருத் தெருக்களுக்கே 1905இல்தான் விளக்கு. 'இந்தியாவிலேயே முதலில் கரண்ட் பார்த்த ஊர்களில் ஒன்று' என்று நாங்களும் பெருமை அடித்துக்கொள்வோம். ஆனால் அந்தக் கரண்ட் எஞ்சினுக்கு வந்தது, பங்களாவுக்கு வந்தது. எங்கள் லைனில் என் அக்கா படித்தது மண்ணெண்ணெய் விளக்கில்.

தாத்தா இருமலுக்குத் தப்பியிருந்தாலும் 'ஏர் பிளாஸ்ட்' என்று ஒன்று இருந்தது. அவ்வளவு ஆழத்தில் பாறை தன் மேல் உள்ள பாரம் தாங்காமல் சட்டென்று வெடிக்கும். பூகம்பம் மாதிரி மேலேயும் ஆடும். பரணில் இருக்கும் பாத்திரம் கலகலவென்று ஆடினால், அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டுப் பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். யாரும் அழமாட்டார்கள், பேசமாட்டார்கள். கேஜ் மேலே வர வர ஒவ்வொருத்தியாகக் கூட்டத்திலிருந்து கழன்று வீட்டுக்குத் திரும்புவாள். கடைசியில் நிற்கிறவர்களைப் பிள்ளைகள் நாங்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எங்களை இழுத்துக்கொண்டு போவார்கள்.

தேடும் வழி சொல்கிறேன். முதலில் வீட்டில் பெட்டியைக் கிளறுங்கள். பித்தளை டோக்கன், பி.எஃப். சீட்டு, சம்பளத் துண்டு, ஏதாவது ஒன்றில் எந்த மைன் என்று இருக்கும். மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், இந்த நான்கில் ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்கலாம். இல்லையென்றால் அந்த மைன் பக்கத்து லைனில் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஆளைக் கண்டுபிடியுங்கள். தாத்தாவின் பேரை மட்டும் சொன்னால் போதாது. சொந்த ஊர்ப் பேர், பட்டப்பேர் இரண்டையும் சொல்லுங்கள். அங்கே மனிதர்களை ஞாபகம் வைத்திருப்பது பட்டப்பேரில்தான். என் அப்பாவை இன்றைக்கும் 'பீடி மேஸ்திரி' என்று சொன்னால்தான் தெரியும். இத்தனைக்கும் அவர் பீடி குடித்ததே இல்லை.

அயோத்திதாசப் பண்டிதருக்கும் தங்கவயலுக்கும் தொடர்பு உண்டு என்று படித்தேன். அங்கே பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
சென்னை கல்லூரி மாணவி

கட்டடம் தேடிப் போனால் ஏமாறுவாய் கண்ணு, மனிதர்களைத் தேடிப் போ. பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகையை எங்கள் ஊரில் கூலிப் பணத்தில் வாங்கிப் படித்தார்கள். எழுத்து தெரியாதவர்களுக்கு ஒருத்தர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அவர் 1914இல் மறைந்த பிறகு, 1920களில் 'தமிழன்' மறுபடி வந்தது தங்கவயலிலிருந்து, ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றிய சித்தார்த்தா புத்தகசாலையும் எங்கள் ஊர்தான். 1954இல் அம்பேத்கர் வந்தபோது என் தாத்தா முதல் வரிசையில் இருந்ததாகச் சொல்வார். ஊரில் எல்லார் தாத்தாவும் முதல் வரிசையில்தான் இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் குறித்துக்கொள். 1930இல் கம்பெனி எல்லாரிடமும் கைரேகை எடுத்துப் பதிவு செய்யப் பார்த்தது. குற்றவாளிகளிடம்தானே ரேகை எடுப்பார்கள், நாங்கள் என்ன திருடர்களா என்று மொத்தச் சுரங்கமும் வேலைநிறுத்தம் செய்தது. சம்பள உயர்வுக்காக இல்லை, மானத்துக்காக. உன் படிப்புக்கு இது உதவும்.

என் மகன் இயற்பியல் படிக்கிறான். நியூட்ரினோவுக்கும் தங்கவயலுக்கும் சம்பந்தம் என்கிறான். கதை விடுகிறானா?
சேலம் வாசகர்

கதையில்லை. 1965இல் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, சாம்பியன் ரீஃபில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்தார்கள். மேலே உள்ள பாறை மற்றத் துகள்களை எல்லாம் வடிகட்டிவிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவும். அதே வருஷம் தென்னாப்பிரிக்காவிலும் பிடித்தார்கள், அதுவும் ஒரு தங்கச் சுரங்கத்தில்தான். கருவிகளைக் கேஜில் ஏற்றி இறக்கியது எங்கள் ஆட்கள். 'சாமியார்கள் மாதிரி கீழே உட்கார்ந்து எதுக்கோ காத்திருக்கானுங்க' என்று அப்பா சொல்வார். மகனிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

அதே நாளில் கோடிலிங்கேஸ்வரர் கோயில், கோலாரம்மன் கோயில் இரண்டையும் சேர்க்க முடியுமா?
ஆரணி வாசகி

இரண்டையும் சேர்த்தால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது. கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் பக்கத்தில்தான், பத்து கிலோமீட்டருக்குள். 108 அடி லிங்கம், எதிரே 35 அடி நந்தி, பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் அது 1980இல் தொடங்கிய கோயில். எனக்குக் கேட்டால் கோலாரம்மன்தான், அதுவும் வேறொரு நாள். கோலார் நகரத்தில் இருக்கிறது, ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுகள் சுவரில் தமிழிலேயே இருக்கின்றன. அன்றைக்கு ஊர் பெயர் குவளாலம். 'தமிழர்கள் மைன்ஸுக்காக வந்தவர்கள்' என்று யாராவது ஆரம்பித்தால் நான் அந்தச் சுவரைத்தான் காட்டுவது. வந்தவர்கள், இருந்தவர்கள் என்று பிரிக்க முடியாத எல்லை அது. நேரம் மிஞ்சினால் பேத்தமங்கலம் ஏரிக்குப் போங்கள். தங்கவயல் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். அது பாலாறு, ஆரணிக்காரருக்கு அதற்கு மேல் அறிமுகம் எதற்கு?

சாப்பாடு?
வேலூர் வாசகர்

ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டைச் சுற்றி பிரியாணிக் கடைகள். திரும்பும்போது பங்காருபேட்டையில் பானி பூரி, அங்கே பானி கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். பச்சைத் தண்ணீர் என்று ஏமாந்து ஒரே மடக்கில் குடித்து இருமாதீர்கள்.

நான் பெங்களூருவில் இருக்கிறேன். தங்கவயலில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, காலையில் மாரிகுப்பம் ரயில் பிடித்து ஆபீஸ் வரலாம் என்று பார்க்கிறேன். உட்கார இடம் கிடைக்குமா?
பெங்களூரு வாசகர்

மாரிகுப்பத்திலேயே ஏறினால் இடம் இருக்கும். ஆனால் உட்காருவதற்கு முன் கேளுங்கள். 2001க்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த ரயில்தான் பிழைப்பு. விடிவதற்கு முன் ஏறி, எண்பது கிலோமீட்டருக்கு மேல் போய், செக்யூரிட்டி, கட்டட வேலை, கார்மென்ட்ஸ், கம்ப்யூட்டர் கம்பெனி என்று பிரிந்து, ராத்திரி அதே ரயிலில் திரும்புகிறவர்கள். என் தம்பிக்கு மைன்ஸ் மூடும்போது வயது முப்பத்தெட்டு. அதற்குப் பிறகு இருபது வருஷம் அந்த ரயிலில் போய் வந்தான். யாருக்கு எந்த ஜன்னல், எந்தப் பெட்டியில் சீட்டுக் கச்சேரி, எதில் பஜனை என்பதெல்லாம் எழுதாத சட்டம். அவன் ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் ஏதோ வேலையாக அதே ரயிலில் ஏறியிருக்கிறான். அவன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்து, "வாங்கண்ணா, உங்க இடம்" என்றானாம்.